ஈசானிய மூலையில் தொடை எலும்பு

நெடுங்கரைப்பட்டி,
பந்தல்குடி வழி.
25.3.1994, வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி உதயகுமாருக்கு, அக்கா ரத்தினம் ஆசீர்வாதத்தோடு எழுதும் கடிதம். இங்கே நான் நல்ல சுகம். உன் அத்தானுக்கு முட்டி வலி இருக்கிறது. அது இல்லாத நாளில்தான் எனக்குப் பயமாக இருக்கும். பால்வாடிப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் சுகம். ஆயா ஆவுடைத்தாய் சுகம், அவள் வாய் அவளைவிடச் சுகம். டைனோசரும் சுகம். அதுபோல அரியலூரில் நீயும், உன் வீட்டுக்காரியும், கைக்குழந்தையும், நீ சுத்தியலால் தட்டிக்கொண்டு திரிகிற பாறைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் கருப்பசாமி துணை நிற்பார்.

தம்பி, தை மாதம் நீ அனுப்பிய பார்சலுக்குப் பங்குனியில் பதில் வருகிறதே என்று கோபப்படாதே. இடையில் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றிலும் உன்னைத் திட்டியிருந்தேன். முதல் கடிதத்தை நானே கிழித்தேன். இரண்டாவதை உன் அத்தான் படித்துவிட்டு, "கூடப் பொறந்தவனுக்கு எழுதுற எழுத்தாடி இது" என்று அடுப்பில் போட்டார். மூன்றாவதைத் தபால் பெட்டி வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன். இந்த நாலாவது கடிதம் நன்றிக் கடிதம். உனக்கு மூக்கு ஒழுகிய காலத்திலிருந்து இன்றுவரை உன் அக்கா உனக்கு நன்றி சொல்வது இதுதான் முதல் தடவை, பத்திரமாக எடுத்து வை. நீ அனுப்பிய எலும்பால் என் பால்வாடி பிழைத்தது. எப்படிப் பிழைத்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் எழுந்து போகாமல் படி.

பால்வாடி நடக்கிற ஓட்டுக் கட்டடமும் அதைச் சுற்றிய காலி இடமும் நல்லகண்ணு அண்ணாச்சிக்குச் சொந்தம் என்பது உனக்குத் தெரியும். பொங்கல் கழிந்த நாலாம் நாள் அண்ணாச்சி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சத்துமாவுச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "டீச்சர், எடத்தை அருப்புக்கோட்டை காசிராஜனுக்குக் குடுக்கிறதா வாக்குக் குடுத்துட்டேன். மொளகா வத்தல் குடோன் கட்டப் போறாராம். பங்குனிக்குள்ள வேற எடம் பாத்துக்கோங்க" என்றார். இந்த ஊரில் வேறு இடம் எங்கே இருக்கிறது? கட்டடம் இல்லையென்றால் பால்வாடியைத் தூத்துக்குடி ரோட்டுக்கு அந்தப்பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். லோடு லாரி பறக்கிற அந்த ரோட்டைத் தாண்டி மூன்று வயதுப் பிள்ளை போகுமா? சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற பொன்னுத்தாயை உனக்கு நினைவிருக்கும். அவள் மகள் தங்கச்செல்விக்கு நாலு வயது. பால்வாடிக்கு வருவதற்கு முன்னால் தாயோடு மூட்டத்துக்குப் போய், மேலே சாம்பலாகவும் உள்ளே நெருப்பாகவும் கிடந்த கரியை மிதித்துவிட்டாள். இடது பாதத்தில் தழும்பு இன்னமும் இருக்கிறது. பால்வாடி போனால் அந்தப் பிள்ளை திரும்பவும் மூட்டத்துக்குத்தான் போகவேண்டும். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் உன் பார்சல் வந்தது. பிள்ளைகளுக்கு ஏதாவது விளையாட்டுச் சாமான் அனுப்பு என்று தீபாவளிக்கு எழுதியிருந்தேனே, பந்து இருக்கும், மரக்குதிரை இருக்கும் என்று ஆசையாகப் பிரித்தால், உள்ளே முழ நீளம் வரைக்கும் பதினாலு ரப்பர் அச்சுகள், ஒரு படப் புத்தகம், எட்டுப் பக்கத்துக்கு உன் கையெழுத்தில் உபதேசம். எலும்பை அச்சில் வார்க்க வேண்டுமாம், மண்ணில் புதைக்க வேண்டுமாம், பிள்ளைகள் தாங்களே தோண்டி எடுத்துத் தாங்களே அடுக்கினால் டைனோசர் என்றால் என்ன என்று கையே சொல்லிக்கொடுக்குமாம். ஆவுடைத்தாய் அந்த அச்சை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி என்ன டீச்சரம்மா, எலும்பு யாவாரத்துல எறங்கிட்டாகளா?" என்றாள். இடமே போகப் போகிற கவலையில் இருப்பவளுக்கு எலும்பு அனுப்பி வைத்திருக்கிறானே என்று எனக்கு வந்த கோபத்தில்தான் அந்த முதல் கடிதம்.

ஆனாலும் போகிற வரைக்கும் பிள்ளைகள் விளையாடட்டும் என்று ஆரம்பித்தேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வாங்கு என்று நீ பாட்டுக்கு எழுதிவிட்டாய். பந்தல்குடியில் ஒரு கடை விடாமல் கேட்டேன், யாருக்கும் அந்தப் பெயரே தெரியவில்லை. பஸ் ஏறி அருப்புக்கோட்டை போய் ஒரு மருந்துக் கடையில் கேட்டால், கடைக்காரர் பதறி, "யாருக்கும்மா ஒடிஞ்சிருக்கு? கையா, காலா?" என்றார். நான் உன் அச்சுகளை நினைத்துக்கொண்டு, "தலையில இருந்து வால் வரைக்கும் அம்புட்டு எலும்பும் வேணும்" என்றேன். அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, "மனசைத் தளர விடாதீக, மதுரைக்குத் தூக்கிட்டுப் போங்க, நல்ல டாக்டருக இருக்காக" என்றார். சோடாவைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். கடைசியில் வெள்ளை சிமெண்டில் மணல் சலித்துப் போட்டுத்தான் வார்த்தேன். உன் பிளாஸ்டரைவிட இதுதான் உறுதி, எழுதி வைத்துக்கொள்.

அடுத்தது தூரிகை. "மென்மையான தூரிகையால் மண்ணை மெதுவாக அகற்றப் பழக்கவும்" என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தாய். வீட்டிலிருந்து மெத்தென்ற பிரஷ் ஏதாவது கொண்டுவாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மறுநாள் காலையில் பதினெட்டுப் பிள்ளைகளும் பதினெட்டு சவர பிரஷ்ஷோடு வந்து நின்றார்கள். அவர்கள் அப்பாமார்களிடம் கேட்டா எடுத்தார்கள்? ஒரு வாரம் ஊரில் ஆம்பிளைகள் எல்லோருக்கும் தாடி. பஸ்ஸை விட்டு இறங்கிய வீரசோழன் ஊர்த் துணி வியாபாரி ஒருவர், "என்னப்பா, ஊரோட பழனிக்கு நேந்துக்கிட்டீகளா?" என்று கேட்டிருக்கிறார். சங்கதி தெரிந்து அப்பாமார்கள் என் வாசலில் வந்து நின்றபோது, ஆவுடைத்தாய் முன்னால் போய், "மூஞ்சியில தேய்ச்சு என்னத்தைக் கண்டீக? பிள்ளைக கையில இருந்தா அறிவாவது வளரும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

ஆனால் தம்பி, ஒன்று ஒத்துக்கொள்கிறேன். மண்ணுக்குள்ளிருந்து முதல் விலா எலும்பின் நுனி தெரிந்தபோது அந்தப் பிள்ளைகள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கத்தவில்லை, பிடுங்கவில்லை, அடித்துக்கொள்ளவில்லை. பதினெட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். ஒரு நிமிடம் ஒரு இடத்தில் உட்காராத கோகுல்கூட நாக்கைத் துருத்திக்கொண்டு கால் மணி நேரம் தூசி தட்டினான். பன்னிரண்டு வருஷமாகக் கத்தரிக்காய்ப் படத்தையும் வெண்டைக்காய்ப் படத்தையும் காட்டிக் காட்டி அலுத்துப்போன எனக்கு அன்றைக்குத்தான் டீச்சர் வேலை பார்ப்பதுபோல இருந்தது. கரிசல் மண்ணைக் குழைத்துப் பரப்பி ஆளுக்கு ஒரு கால் பதித்தோம். காய்ந்ததும், டைனோசர் கால்தடமும் இப்படித்தான் கல்லாகிப் போனது என்று சொன்னேன். சத்துமாவு என்றாலே உதட்டைப் பிதுக்குகிற பிள்ளைகளுக்கு அதை உருண்டையாகப் பிடித்து, "டைனோசர் முட்டை" என்று கொடுத்தேன். இப்போது சட்டியில் மிச்சமே இல்லை. ஆவுடைத்தாயின் கோழிகளுக்குத்தான் பட்டினி.

வருஷக் கணக்குதான் கஷ்டப்படுத்தியது. பத்துக்கு மேல் எண்ணத் தெரியாத பிள்ளைக்கு ஆறரைக் கோடியை எப்படிச் சொல்வது? ஒரு வருஷத்துக்கு ஒரு கொத்தமல்லி விதை என்று வைத்தேன். தங்கச்செல்விக்கு நாலு விதை. அவள் அம்மாவுக்கு ஒரு பிடி. டைனோசருக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். நல்லகண்ணு அண்ணாச்சி களத்தில் குவித்திருந்த மல்லியைக் காட்டி, அது பூராவும் சேர்ந்தாலும் போதாது என்றேன். உடனே தங்கச்செல்வி களத்துக்கு ஓடி, அண்ணாச்சியின் வேட்டியைப் பிடித்து, "தாத்தா, நீங்க டைனோசரைப் பாத்திருக்கீகளா?" என்று கேட்டுவிட்டாள். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "நான் பாக்கல தாயி, எங்க அப்பாரு பாத்திருப்பாரு" என்றார். அதற்குப் பிறகு தினமும் அந்த மனுஷன் மல்லி காயவைக்கிற சாக்கில் வந்து, பிள்ளைகள் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வாக்குக் கொடுத்துவிட்ட மனுஷன், பார்த்து என்ன செய்ய என்று நான் என் வேலையைப் பார்ப்பேன்.

மாசி சிவராத்திரிக்கு வந்த வினையைக் கேள். மறுநாள் கோயிலில் கிடா வெட்டிப் பந்தி நடக்கிறது. பெரியவர்கள் கை கழுவப் போனதும் என் பிள்ளைகள் இலை இலையாகப் போய் எலும்பு பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த சம்பந்தக்காரர்கள் முன்னால் தாய்மார்களுக்கு மானமே போய்விட்டது. "ஏ டீச்சரம்மா, பால்வாடியில பிள்ளைகளுக்குச் சோறு போடுறீகளா இல்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குத் தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பிள்ளைகளோ கோயில் வேப்பமரத்தடியில் ஒரு முழு ஆட்டை எலும்பாக அடுக்கி முடித்துவிட்டார்கள். ஒரு தொடை மட்டும் குறைந்தது. பந்தி பந்தியாகப் போய், "ஒரு காலைக் காணோம், யாரு தின்னது?" என்று விசாரித்தார்கள். தொடை பூசாரிக்குப் போகிற பங்கு என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பூசாரி வீட்டு அடுப்படி வரைக்கும் போய், அவர் கடித்துக்கொண்டிருந்ததைக் கையிலிருந்து வாங்கி வந்துவிட்டார்கள். அன்று இரவு உனக்கு எழுதியதுதான் தபால் பெட்டி வரைக்கும் போன கடிதம்.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். உன் உபதேசத்தில் ஆறாம் பக்கம், பிள்ளைகள் தோண்டப் பழகிய பிறகு அவர்களே எலும்புகளைப் புதைத்து, இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளப் பழக்க வேண்டும் என்று இருந்ததல்லவா? அதையும் செய்தேன். காலி இடத்தில் எது எங்கே என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். போன வாரம் புதன்கிழமை காலையில் காசிராஜன் மொதலாளி வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் எலுமிச்சம்பழம். கூடவே கொத்தனார் இருளப்பசாமி, தோளில் கடப்பாறை. நல்லகண்ணு அண்ணாச்சியும் வந்து நின்றார், முகத்தில் களையே இல்லை.

"எங்க எடம் வாங்குனாலும் ஈசானிய மூலையில ஒரு குழி எடுத்துப் பாக்காம நான் பத்திரத்துல கையெழுத்து வைக்கிறதில்ல அண்ணாச்சி" என்றார் காசிராஜன். "கல்லு வந்தா லாபம். செங்கல் வந்தா விருத்தி. கரி வந்தா நோவு. எலும்பு மட்டும் வரக் கூடாது. எலும்பு கெடக்குற மண்ணுல கட்டுனா வம்சத்துக்கே ஆகாது."

"கரிமூட்டம் போடுற ஊர்ல கரி வராம கப்பக்கிழங்கா வரும்" என்று ஆவுடைத்தாய் உள்ளேயிருந்து முணுமுணுத்தாள்.

இருளப்பசாமி வடகிழக்கு மூலையில் கற்பூரம் ஏற்றிவிட்டுத் தோண்ட ஆரம்பித்தார். எனக்கு அப்போதுகூட உன் எலும்பு நினைவே இல்லை, தம்பி. குழி எடுத்துப் பார்த்துவிட்டால் அடுத்து பத்திரம், அதற்கடுத்து பால்வாடிச் சாமான்களை வண்டியில் ஏற்ற வேண்டியதுதான் என்ற நினைப்பில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழி முழங்கால் ஆழத்தைத் தாண்டியது. கடப்பாறை எதிலோ பட்டு, 'ணங்' என்றது. இருளப்பசாமி குனிந்து, மண்ணைத் தள்ளி, இரண்டு கையாலும் தூக்கி மேலே போட்டார். மண் அப்பிய ஒரு தொடை எலும்பு. ஒரு முழத்துக்குக் குறையாது. இரண்டு முனையும் புடைத்து, உன் அத்தான் தொடையைவிடத் தடிமனாகக் கிடந்தது.

காசிராஜன் கையிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு குழிக்குள் போனது. "இது... மனுச எலும்பா?"

"மனுசனா இருந்தா பத்தடி ஆளா இருந்திருக்கணும் மொதலாளி" என்றார் இருளப்பசாமி. கையை வேட்டியில் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, நான் வாயைத் திறந்தேன். ஐயா, அது விளையாட்டுச் சாமான், என் தம்பி அனுப்பிய அச்சில் வார்த்தது என்று சொல்லத்தான் திறந்தேன். திறந்த வாயில் ஆவுடைத்தாய் ஒரு சத்துமாவு உருண்டையை வைத்து அடைத்துவிட்டு, "டீச்சரம்மா காலையில இருந்து வெறும் வகுறு, மயக்கம் வந்துரும்" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் அதை மென்று விழுங்குவதற்குள் தங்கச்செல்வி சவர பிரஷ்ஷோடு காசிராஜன் கால்களுக்கிடையே நுழைந்து குழியோரம் போய்க் குந்திவிட்டாள்.

"கடப்பாறை போடக் கூடாது. ஒடைஞ்சிரும். பையத் தூத்து எடுக்கணும்" என்றாள் இருளப்பசாமியிடம்.

"ஏ தாயி, இது என்னன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார் காசிராஜன்.

"இது தொடை. தலை அந்தா அங்ஙன கெடக்கு. விலா எலும்பு வாசப்படிக்கிட்ட. வாலு ஒங்க காலுக்குக் கீழ இருக்கு."

மொதலாளி ஒரு துள்ளுத் துள்ளிப் பின்னால் போனார். "அங்ஙன தாடை!" என்று மற்ற பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். அங்கிருந்தும் துள்ளினார்.

"எம்புட்டு நாளா... இங்ஙன இருக்காக?"

"ஆறரைக் கோடி வருசமா."

"எப்படிச் செத்தாக?"

"வானத்துல இருந்து ஒரு கல்லு விழுந்துச்சு. அம்புட்டுப் பேரும் செத்துப் போயிட்டாக. ஒருத்தர் மிஞ்சல" என்றாள். டைனோசர் வயதில் பெரியது, அதனால் மரியாதை. அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அது பிசகா? "நாங்க தெனமும் அவுகளோட பேசுவோம். முட்டை குடுப்போம். நீங்களும் இங்ஙனயே இருங்க தாத்தா, ஒங்களையும் சேத்துக்கிடுறோம்."

நாலு வயதுப் பிள்ளை, கண் இமைக்காமல், பிரஷ்ஷால் எலும்பைத் தடவிக்கொண்டே இதைச் சொன்னால் நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். காசிராஜன் செருப்பைக் கழற்றினார். அந்தப் பிள்ளை முன்னால் கைகூப்பி, "தெரியாம வந்துட்டேன் தாயே, மன்னிச்சுக்கோ" என்றார். நல்லகண்ணு அண்ணாச்சியைப் பார்த்து, "எனக்கு இந்த எடம் வேண்டாம். நீங்க குடுத்த வாக்கை நான் திருப்பிக் குடுத்துட்டேன், இனி நீங்களாச்சு இவுகளாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். செருப்பு இன்னமும் குழியோரத்தில் கிடக்கிறது. இருளப்பசாமி கடப்பாறையைக்கூட எடுக்கவில்லை. பிறகு நான்தான் அந்த எலும்பைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டேன். மண்ணைக்கூடத் தட்டவில்லை, அப்பிய மண்ணால்தான் இந்தக் கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெயித்தாயிற்று, ஆனால் எனக்கு மனசு உறுத்தியது. பொய் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. அண்ணாச்சியின் விற்பனையைக் கெடுத்துவிட்டோமே என்று மறுநாள் அவர் களத்துக்குப் போனேன். "அண்ணாச்சி, அந்த எலும்பு விஷயம்" என்று தொடங்கியதும், "மல்லி ரொம்பக் காஞ்சிருச்சு டீச்சர்" என்று எழுந்து போய்விட்டார். சாயங்காலம் டீக்கடையில் பிடித்தேன். "அண்ணாச்சி, அந்த எலும்பு..." என்றதும், "இன்னொரு டீ போடப்பா டீச்சருக்கு" என்று சத்தம் போட்டார். மூன்றாம் நாள் வீட்டுக்கே போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"டீச்சர், நீங்க என்ன சொல்ல வாரீகன்னு எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "ரெண்டு மாசமா தெனமும் பாக்குறவன் நான். அது யாரு அனுப்புன அச்சு, யாரு வார்த்ததுன்னு தெரியாதா? தயவுசெஞ்சு வாயால சொல்லிராதீக. சொன்னா எனக்குத் தெரிஞ்சதா ஆயிரும், தெரிஞ்சா நான் காசிராஜன்கிட்ட சொல்லணும். வாக்குக் குடுத்த நாள்ல இருந்து எனக்கு ஒறக்கம் இல்ல. வாக்கை மீற மனசு வரல, பிள்ளைக சத்தம் இல்லாத எடத்தை நெனைச்சுப் பாக்கவும் மனசு வரல. அவரே வேண்டாம்னு போனாரு. என் வாக்கும் சுத்தம், பால்வாடியும் இருக்கு. இதுல நீங்க வேற உண்மையைக் கொண்டாந்து போடாதீக."

அப்படியே உள்ளே போய், பத்து வருஷத்துக்குப் பால்வாடி அங்கேயே நடக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார் தம்பி. பொன்னுத்தாயிடம் போய்ச் சொன்னேன். மூட்டத்துப் புகையில் நின்றுகொண்டே அழுதாள். புகைதான் என்று முந்தானையால் துடைத்தாள். நானும் அழுதேன், என்மேல் எந்தப் புகையும் படவில்லை. "அந்த எலும்பு அனுப்புன தம்பிக்குக் கோடிப் புண்ணியம் டீச்சரம்மா. எம்பிள்ளை காலு இனிமே கரியில படாது. அவுகளுக்கு எழுதுங்க" என்றாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். பந்து அனுப்பியிருந்தால் பத்து நாளில் கிழிந்திருக்கும். மரக்குதிரைக்குக் கால் ஒடிந்திருக்கும். நீ அறிவாளி, உன்னைப் படிக்கவைத்தது வீண் போகவில்லை. திட்டியதெல்லாம் என் தப்பு, அக்காவை மன்னித்துவிடு.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. கைக்குழந்தைக்கு இந்த அத்தையின் முத்தம். பதினெட்டுப் பிள்ளைகளும் கோரஸாக உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்கள், ஆவுடைத்தாய் தன் பங்குக்கு ஒரு கும்பிடு. கை நிறையப் பிள்ளைகளும் வீடு நிறையத் தானியமும் காலமெல்லாம் ஆரோக்கியமுமாக நீ நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டாமல் ஒரு கடிதத்தை முடித்துவிட்ட
அக்கா ரத்தினம்.

பின்குறிப்பு: சனிக்கிழமை மத்தியானம் எழுதுகிறேன். உறையை ஒட்டுவதற்கு முன்னால், அடுக்கிய முழு டைனோசரைப் படம் வரைந்து உனக்கு அனுப்பலாம் என்று, புதைத்ததையெல்லாம் எடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். எடுத்தார்கள். எதுவும் ஒரு சாண் ஆழத்துக்குமேல் இல்லை, அவர்கள் கை அவ்வளவுதான் போகும். நீ அனுப்பிய அச்சு பதினாலு. முன்னால் இருக்கிற எலும்பும் பதினாலு. தலை முதல் வால் வரை, இரண்டு தொடையும் சேர்த்து, வெள்ளை வெளேர் என்று ஒன்று குறையாமல் இருக்கிறது. நான் பரணில் இருந்த சாக்கைப் பிரித்து, அந்தத் தொடையைக் கழுவினேன். சிமெண்டு இல்லை. கறுத்த பழுப்பு, தட்டினால் கல் சத்தம், கடப்பாறை பட்டு உடைந்த முனையில் பொடிப்பொடியாகத் துவாரம். மண் போன பிறகும் கனம் குறையவில்லை. எனக்கு வேர்த்துவிட்டது. தங்கச்செல்விக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. "அது நாங்க பொதைச்சது இல்ல டீச்சர். அது முன்னாடியே இருந்துச்சு" என்றாள்.

ஆகவே மேலே உனக்குச் சொன்ன நன்றிகள் அத்தனையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பால்வாடியைக் காப்பாற்றியது உன் எலும்பு இல்லை. அண்ணாச்சி இது தெரியாமல் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைச் சிமிட்டுகிறார். இந்தப் பக்கத்துப் பாறையில் அந்த மாதிரி எலும்பு கிடைக்கவே கிடைக்காது என்று நீ அடித்துச் சொல்வாய், சொல்லு. ஆனால் யாரிடமும் மூச்சு விடாமல் உடனே புறப்பட்டு வா. உன் பாறை ஆபீசில் சொல்லாதே. தெரிந்தால் பெரிய பெரிய ஆட்கள் வந்து சுற்றிலும் கம்பி வேலி போட்டு, காசிராஜன் செய்யாததை அவர்கள் செய்து, எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். வந்து பார். அது எதுவாக இருந்தாலும் சரி, மாட்டு எலும்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. பிள்ளைகளிடம் மட்டும் உண்மையைக் காதோடு சொல்லிவிட்டுப் போ. அவர்கள் சொல்வதை நம்புகிற ஆள் காசிராஜன் ஒருத்தர்தான், அவர் இனி இந்தப் பக்கம் வர மாட்டார்.